இழைவடத்தில் தொலைக்காட்சி: கடைசிக் கம்பம் யார் கையில்?

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழையும் வழி மீண்டும் மாறிக்கொண்டிருக்கிறது. வீட்டின் உச்சியில் உயரமாகக் கட்டப்பட்ட ஆன்டெனா ஒரு காலத்தின் அடையாளமாக இருந்தது. 1990-களில் தெருக் கம்பங்களில் தொங்கியபடி வந்த கேபிள் அதை அகற்றியது. பின்னர் டிடிஎச் தட்டுகள் கூரைகளில் முளைத்தன. இப்போது கண்ணாடி இழைவடத்தின் வழியாக, இணையத் தொழில்நுட்பத்தில் தொலைக்காட்சி வருகிறது. 'ஐபிடிவி' என்று அழைக்கப்படும் இச்சேவை நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. மத்திய அரசு 2008-ஆம் ஆண்டிலேயே இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால், தாமிரக் கம்பியில் ஓடிய தொலைபேசி இணைப்புகளால் அன்று அதைத் தாங்க முடியவில்லை. இழைவடம் சிற்றூர்களின் வாசல் வரை வரத் தொடங்கியிருக்கும் இந்நாளில்தான் அதற்கு உயிர் வந்திருக்கிறது.

பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல், தனது இழைவட இணைப்பு பெற்றவர்களுக்கான தொலைக்காட்சிச் சேவையை 2024 அக்டோபரில் அறிவித்தபோது, அதை முதலில் தொடங்கிய இரு மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. மற்றொன்று மத்தியப் பிரதேசம். 500-க்கும் மேற்பட்ட அலைவரிசைகள், தனிக் கட்டணம் இல்லை, தொலைக்காட்சி பார்ப்பது இணையத் தரவு அளவில் கழிக்கப்படாது என்பவை அதன் அறிவிப்புகள். ஏர்டெல் நிறுவனம் 2025 மார்ச்சில் 2,000 நகரங்களில் தனது ஐபிடிவி சேவையைத் தொடங்கியது. 350 அலைவரிசைகளும் இணையத் திரை மேடைகளும் அகலக்கற்றை இணைப்பும் அடங்கிய அதன் திட்டங்கள் மாதம் 699 ரூபாயில் தொடங்கின.

இந்த அறிவிப்புகளைப் படிக்கும் நகரவாசி, எத்தனை அலைவரிசைகள், எத்தனை மேடைகள் என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொள்வார். கடலூர் மாவட்டத்தின் நல்லூர் ஒன்றியம் போன்ற பகுதியில் கேள்வி வேறாக இருக்கிறது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்து, வேளாண்மையையும் கூலி வேலையையும் நம்பி வாழும் கிராமங்கள் இவை. இங்கே தொலைக்காட்சி என்பது மாதக் கட்டணத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்ளும், படம் வரவில்லை என்றால் ஏணியோடு வந்து நிற்கும் ஒரு மனிதரின் பெயரோடு சேர்ந்த சேவை. இழைவடம் வந்த பிறகு அந்த மனிதர் இருப்பாரா? அந்த வீட்டால் புதிய கட்டணத்தைக் கட்ட முடியுமா? இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றுக்கான விடை தொழில்நுட்பத்தில் இல்லை; அரசும் ஒழுங்காற்று அமைப்பும் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

நன்மையை மறைக்க வேண்டியதில்லை

புதிய முறையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. வழக்கமான கேபிளில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் வீடு வரை வருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பெட்டி பிரித்தெடுத்துக் காட்டுகிறது. ஐபிடிவி முறையில் நாம் எந்த அலைவரிசையைக் கேட்கிறோமோ அது மட்டுமே நம் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே, ஒரே இழையில் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் கொண்டுவர முடிகிறது. யூடியூப் போன்ற திறந்த இணையச் சேவைகளிலிருந்தும் இது வேறுபட்டது. நிறுவனம் தன் சொந்த வலையமைப்புக்குள்ளேயே அனுப்புவதால், இணையத்தில் நெரிசல் ஏற்பட்டாலும் படம் எளிதில் நின்று நின்று ஓடாது.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பழைய கேபிளில் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை அலையைப் பெருக்கிக்கொடுக்கும் ஆம்ப்ளிபையர் கருவி வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். ஒரு தெருவில் மின்சாரம் போனால், மின்சாரம் உள்ள அடுத்த தெருவிலும் படம் போய்விடும் என்பது கிராமங்கள் நன்கறிந்த அனுபவம். வீடுகளுக்கு இழைவடத்தைப் பிரித்துக் கொடுக்கும் இன்றைய முறையில், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. 2011 டிசம்பர் இறுதியில் 'தானே' புயல், 2015-இல் பெருமழை, 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என அடுத்தடுத்து இயற்கைச் சீற்றத்தைச் சந்தித்த மாவட்டத்தில், விரைவில் மீண்டெழும் தகவல் தொடர்பு ஆடம்பரம் ஆகாது. இழையும் அறுபடும் என்பது உண்மையே. அறுந்த இழையை ஒட்டுவதற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். அந்தக் கருவியும் பயிற்சியும் உள்ள ஒருவர் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறாரா, அல்லது மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டுமா என்பதைப் பொருத்தே மீட்பு ஒரு நாளா, ஒரு வாரமா என்பது அமையும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

இனி, மாதக் கணக்கைப் பார்ப்போம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறையில், 100 அலைவரிசைகளுக்கான வலையமைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பாக இருந்தது. 18 சதவீத வரியும் சேர்ந்து 153 ரூபாய் 40 காசுகள். விரும்பிய கட்டண அலைவரிசைகளைச் சேர்த்தால் தொகை கூடும். பின்னர் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்று டிராய் திருத்தியது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டு, கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது.

699 ரூபாய்த் திட்டத்துக்கு வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 825 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அதாவது, கேபிளின் அடிப்படைக் கட்டணமாக இருந்த தொகை அரை நாள் கூலிக்கும் குறைவு. புதிய சேவையின் கட்டணம் ஏறத்தாழ இரண்டரை நாள் கூலி. அதில் இணையமும் அடங்கியிருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் வீட்டுக்கும், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனோடு பேச வேண்டிய வீட்டுக்கும் அந்தத் தொகை பொருந்தலாம். ஆனால், தொலைக்காட்சி மட்டும் போதும் என்று இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு, தேவையில்லாத ஒன்றை வாங்கினால்தான் தேவையானது கிடைக்கும் என்ற நிலை ஏற்படுகிறது. 'தனிக் கட்டணம் இல்லை' என்ற பிஎஸ்என்எல் அறிவிப்பும், இழைவட இணைப்புக்கு ஏற்கெனவே மாதந்தோறும் பணம் கட்டுபவருக்குத்தான் பொருந்தும்.

பெட்டியும் ஒரு தடை. பிஎஸ்என்எல் சேவை தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு வகைத் தொலைக்காட்சிகளில் செயலியாகவே கிடைத்தது. தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பல இன்று இல்லை என்றாலும், கிராமப்புற வீடுகளில் செயலியை ஏற்காத பழைய பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வீட்டுக்குப் புதிய சேவை என்பது, புதிய தொலைக்காட்சியையோ தனிப் பெட்டியையோ வாங்கிய பிறகே தொடங்கும்.

இதற்கிடையே பழைய சேவையும் சுருங்குகிறது. கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்புக்காக எர்ன்ஸ்ட் அண்ட் யங் தயாரித்த அறிக்கையின்படி, நாட்டில் கட்டணத் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 2018-இல் 15.1 கோடி, 2024-இல் 11.1 கோடி. ஆறு ஆண்டுகளில் நான்கு கோடி வீடுகள் விலகியிருக்கின்றன. வசதியுள்ளவர்கள் இணையத் திரைக்கும், வசதி குறைந்தவர்கள் தூர்தர்ஷனின் இலவசத் தட்டுக்கும், இளைஞர்கள் கைப்பேசிக்கும் நகர்ந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களைக் கொண்டு கம்பத்தையும் கேபிளையும் பராமரிப்பது, ஒவ்வோர் இணைப்பு குறையும்போதும் ஆபரேட்டருக்குக் கடினமாகிறது. இணைப்புகள் ஓர் அளவுக்குக் கீழே சென்றால், ஊரில் மீதமுள்ள ஐம்பது வீடுகளுக்காக மட்டும் கேபிளை ஓட்ட எவராலும் முடியாது. அப்போது 'விரும்பினால் பழைய சேவையிலேயே இருந்துகொள்ளலாம்' என்ற வாய்ப்பும் இல்லாமல் போகும்.

கைப்பேசி இருக்கிறதே, தொலைக்காட்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசி தனிமனிதருடையது, தொலைக்காட்சி வீட்டினுடையது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டே கரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டு சென்றது. புயல் எச்சரிக்கை ஒளிபரப்பானால் வீடே கூடி நின்று பார்க்கிறது. அந்தப் பொது முற்றம் கட்டணத்தால் மூடப்படக் கூடாது.

அரசு கேபிள் கற்றுத் தந்தவை

நல்வாய்ப்பாக, தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுபவக் களஞ்சியம் இருக்கிறது. அதுதான் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம். 2007 அக்டோபரில் கருணாநிதி ஆட்சியில் பதிவு செய்யப்பட்டது; அடுத்த ஆண்டு ஒளிபரப்பைத் தொடங்கியது. முக்கியமான கட்டண அலைவரிசைகள் கிடைக்காமல் வெகுவிரைவில் சோர்ந்து போனது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சி அதற்குப் புத்துயிர் ஊட்டியது. சந்தாதாரருக்கு மாதம் 70 ரூபாய். அதில் நிறுவனத்துக்கு 20 ரூபாய். எஞ்சிய 50 ரூபாய் ஆபரேட்டருக்கு. அதுவரை நூறும் இருநூறும் கட்டி வந்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல். இத்திட்டம் வென்றதற்குக் காரணம் அரசின் அதிகாரம் மட்டுமன்று; ஆபரேட்டரின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாக இருந்தது. அதனால் அவர்கள் அரசோடு சேர்ந்தார்கள். முதல் பாடம் இதுதான்: கடைசிக் கம்பத்தில் நிற்பவருக்கு உறுதியான பங்கு இருந்தால், கட்டணத்தைக் குறைத்தும் சேவையை நடத்தலாம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. நாடு முழுவதும் கேபிளை எண்ம முறைக்கு மாற்ற வேண்டும் என்ற சட்டம் 2011-இல் வந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள் 2012-இல் மாற வேண்டும் என்பது கெடு. மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக் கூடாது என்பது டிராயின் பரிந்துரை. இந்த இழுபறியில் அரசு கேபிள் நிறுவனத்துக்கு எண்ம உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார் பெட்டிகளும் டிடிஎச் தட்டுகளும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. தொழில்நுட்பம் மாறும் தருணத்தில் தாமதித்தால், பின்னர் வேகமாக ஓடினாலும் இழந்த இடம் திரும்பக் கிடைப்பதில்லை.

மூன்றாவது பாடம் 2022 நவம்பரில் கிடைத்தது. பெட்டிகளின் மென்பொருளைத் தன் கையில் வைத்திருந்த ஒப்பந்ததாரருடன் ஏற்பட்ட பிணக்கின் நடுவே, மாநிலமெங்கும் லட்சக்கணக்கான வீடுகளில் அரசு கேபிள் பெட்டிகள் செயலிழந்தன. விவகாரம் காவல் துறை வரை சென்றது. திரை இருண்ட வீடுகளுக்கு முன்னால் பதில் சொல்ல நின்றவர் ஒப்பந்ததாரரும் அல்லர், அதிகாரியும் அல்லர், உள்ளூர் ஆபரேட்டர்தான். பலர் தங்கள் சந்தாதாரர்களைத் தக்கவைத்துக்கொள்ள வேறு நிறுவனங்களின் பெட்டிகளுக்கு மாறினார்கள். கேபிளில் பெட்டியின் மென்பொருள் முக்கியம் என்றால், ஐபிடிவியில் அதுவே எல்லாம். வழங்கிக் கணினி, பெட்டியின் செயலி, சந்தாதாரர் பட்டியல் ஆகியவற்றின் சாவி ஒரு தனி ஒப்பந்ததாரரிடம் இருக்குமானால், அதே இருட்டு மீண்டும் வரலாம்.

அண்டை மாநிலங்களின் இரு வழிகள்

ஆந்திரப் பிரதேசம் 2017 டிசம்பரில் ஃபைபர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. மின்கம்பங்கள் வழியே இழைவடத்தை இழுத்து, மாதம் 149 ரூபாய்க்குத் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் தருவோம் என்பது அதன் வாக்குறுதி. வீட்டுக்கு இணைப்பு கொடுப்பவர்களாக உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களையே அது சேர்த்துக்கொண்டது. கருத்தளவில் சிறந்த திட்டம். ஆனால், ஆட்சி மாறும்போதெல்லாம் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளும் விசாரணைகளும், நிதிச் சுமையும் பாக்கிகளும் அதைத் தொடர்ந்தன. குறைந்த கட்டணத்தை அறிவிப்பது எளிது. அலைவரிசைகளுக்கும் பெட்டிகளுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் யார் பணம் தருவது என்பதை முன்கூட்டியே வகுக்காவிட்டால், அறிவிப்பு சுமையாகிவிடும் என்பதை அத்திட்டம் காட்டுகிறது.

கேரளம் காட்டிய வழி வேறு. அங்கே சிறு ஆபரேட்டர்கள் தங்கள் சங்கத்தின் முன்முயற்சியில் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கிக்கொண்டார்கள். 'கேரள விஷன்' என்ற பெயரில் எண்ம கேபிள் சேவையையும் அகலக்கற்றையையும் தருகிற அந்நிறுவனம், இன்று அம்மாநிலத்தின் பெரிய இணையச் சேவையாளர்களில் ஒன்று. பெருநிறுவனங்களோடு போட்டியிடும் அளவுக்கு அது வளர்ந்ததற்குக் காரணம், கம்பத்தில் ஏறுபவரே நிறுவனத்தின் பங்காளியாகவும் இருப்பது. மாநில அரசின் 'கே-போன்' இழைவடத் திட்டம் 2023 ஜூனில் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் தங்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இரண்டுக்குமான மூலப்பொருள் இருக்கிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழைவடத்தைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் பணியை நிறைவேற்றுவதற்காகத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018-இல் அமைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை அரசின் இழை. அங்கிருந்து தெருக்கள்தோறும் ஆபரேட்டரின் கம்பிகள். இவ்விரண்டையும் இணைப்பதற்கு ஒரு நியாயமான ஒப்பந்தம் வேண்டும். பிஎஸ்என்எல்கூட வீட்டு இழைவட இணைப்புகளைப் பெருமளவில் உள்ளூர்ப் பங்காளிகள் வழியாகவே, வருவாய்ப் பகிர்வு முறையில் கொடுத்து வருகிறது. அவர்களில் கேபிள் ஆபரேட்டர்களும் உண்டு. ஆகவே, இது நடக்காத கனவன்று.

பங்கு எங்கே காணாமல் போகிறது?

கேபிள் ஆபரேட்டர்களுக்காக இவ்வளவு பரிந்து பேச வேண்டுமா என்ற எதிர்க்கேள்வி எழும். தங்கள் தெருக்களில் வேறு எவரையும் நுழையவிடாமல் தனியுரிமை கொண்டாடியவர்கள், இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியவர்கள் என்ற புகார்கள் பழைய முறையில் ஏராளம். அவற்றில் உண்மை இருந்ததனால்தான் எண்ம முறை கொண்டுவரப்பட்டது. இன்று ஒவ்வோர் இணைப்பும் கணினியில் பதிவாகிறது. பழைய மறைப்புக்கு இடமில்லை. அவர்களுக்குச் சலுகை தர வேண்டும் என்பது இங்கே வாதமன்று. சட்டம் ஏற்கெனவே அவர்களுக்கு அளித்த ஒரு பாதுகாப்பு, ஓசையின்றிக் கரைந்துகொண்டிருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்படாவிட்டால், வலையமைப்புக் கட்டணத்தில் 55 பங்கு கேபிள் நிறுவனத்துக்கும் 45 பங்கு உள்ளூர் ஆபரேட்டருக்கும் சேர வேண்டும் என்பது டிராயின் 2017-ஆம் ஆண்டு விதிமுறை. தொலைக்காட்சிக்குத் தனிக் கட்டணம் இருக்கும் வரை இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. அகலக்கற்றைத் திட்டத்துக்குள் தொலைக்காட்சி ஓர் இலவச இணைப்பாக அடங்கிவிடும்போது, 45 பங்கை எதிலிருந்து கணக்கிடுவது? வீட்டுக்கு இழையைக் கொண்டுசென்று, பெட்டியைப் பொருத்தி, பழுதை நீக்கும் வேலை அதே ஆபரேட்டருடையதாக இருந்தாலும், அவருக்குரிய தொகை நிறுவனம் விரும்பியபடி மாறக்கூடிய ஒரு கழிவாகச் சுருங்கிவிடுகிறது. அவர் உரிமையாளர் நிலையிலிருந்து முகவர் நிலைக்கும், முகவர் நிலையிலிருந்து தினக்கூலி நிலைக்கும் இறங்கும் பாதை இதுதான்.

மற்றொரு முரணும் உண்டு. கேபிள், டிடிஎச், ஐபிடிவி மூன்றும் டிராயின் கட்டண விதிகளுக்குள் வருகின்றன. அதே அலைவரிசை திறந்த இணையத்தில் ஒரு செயலியின் வழியே வந்தால், அந்த விதிகள் அதைத் தொடுவதில்லை. கேபிளில் பணம் கட்டிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி, கைப்பேசிச் செயலியில் இலவசமாகக் கிடைத்தால், மக்கள் அங்கே செல்வது இயல்பு. ஒரே பொருளுக்கு இரண்டு நீதி இருக்கும் சந்தையில், விதிகளுக்குக் கட்டுப்பட்ட சிறியவரே முதலில் வீழ்வார்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்த நிறுவனம் ஐபிடிவி வழங்கினாலும், இணையத் திட்டத்தை வாங்கக் கட்டாயப்படுத்தாத, தொலைக்காட்சி மட்டும் கொண்ட ஓர் அடிப்படைத் திட்டம் இருக்க வேண்டும். இலவச அலைவரிசைகள், தமிழ்ச் செய்தி அலைவரிசைகள், கல்வித் தொலைக்காட்சி ஆகியவை அடங்கிய அத்திட்டத்தின் கட்டணம், இன்றைய கேபிளின் அடிப்படைக் கட்டணத்தை மீறக் கூடாது. உச்சவரம்பை முற்றிலுமாக நீக்கிய 2024-ஆம் ஆண்டு முடிவை, இந்த ஒரு திட்டத்தின் அளவிலாவது டிராய் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலும் இயங்கும் எளிய பெட்டியொன்று அதனுடன் கிடைக்க வேண்டும்.

இரண்டாவதாக, அரசு கேபிள் நிறுவனம் தாமதமின்றித் தன் சேவையை இழைவடத்துக்கு மாற்ற வேண்டும். 2012-க்கும் 2017-க்கும் இடையில் நேர்ந்த இழப்பு மீண்டும் நேரக் கூடாது. அரசு கேபிள் நிறுவனமும், இழை வலையமைப்பு நிறுவனமும் ஒரே அரசின் இரு கைகள். வட்டாட்சியர் அலுவலகங்கள் வரை இ-சேவை மையங்களை நடத்தும் அனுபவம் அரசு கேபிளுக்கு இருக்கிறது. ஊராட்சி வரையிலான இழையில் ஒரு பகுதியை, ஒன்றிய அளவில் குழுவாகச் சேரும் ஆபரேட்டர்களுக்குப் பொதுவான, வெளிப்படையான வாடகைக்கு அளிக்கலாம். நல்லூர் ஒன்றியத்தின் ஆபரேட்டர்கள் தனித்தனியே நின்றால் எந்த நிறுவனத்தோடும் பேரம் பேச முடியாது. ஒரு கூட்டுறவாக நின்றால் முடியும்.

மூன்றாவதாக, தொலைக்காட்சி எந்தத் திட்டத்துக்குள் அடங்கியிருந்தாலும், வீட்டு இணைப்பைப் பராமரிப்பவருக்கு மொத்தக் கட்டணத்தில் ஒரு குறைந்தபட்சப் பங்கை எழுத்து ஒப்பந்தத்தில் உறுதி செய்ய வேண்டும். பணம் எந்தத் தேதிக்குள் வரவு வைக்கப்படும், ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு காலம் முன்னறிவிப்பு தர வேண்டும், சந்தாதாரர் பட்டியல் யாருக்கு உரியது என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். உள்ளூர் ஆபரேட்டர் பதிவுக்கான நடைமுறை 2025 ஜனவரியில் மாறியது. தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டிப் புதுப்பித்துவந்த பதிவு, இணையவழியில் ஐந்தாண்டுகளுக்கு 5,000 ரூபாய் என்று ஆகியிருக்கிறது. ஐந்தாண்டுப் பதிவுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் அரசு, ஐந்தாண்டு வாழ்வாதாரத்துக்கும் ஏதேனும் உறுதி அளிக்க வேண்டாமா?

நான்காவதாக, பெட்டி எந்த நிறுவனத்துக்கும் அடிமையாக இருக்கக் கூடாது. நிறுவனத்தை மாற்றினால் பெட்டியை மாற்றத் தேவையில்லாத முறையை டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. கேபிளில் நடைமுறைக்கு வராத அந்தப் பரிந்துரையை, ஐபிடிவி பரவும் தொடக்கக் கட்டத்திலேயே கட்டாயமாக்குவது எளிது. கோடிக்கணக்கான பெட்டிகள் விற்ற பிறகு கடினம். அரசு கேபிள் வாங்கும் மென்பொருளின் கட்டுப்பாடும் மாற்றுப் பிரதியும் அரசின் காப்பில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஐந்தாவதாக, பார்வையாளரின் அந்தரங்கம். பழைய கேபிளில் ஒரு வீடு எந்த நேரத்தில் எதைப் பார்த்தது என்பது அலையை அனுப்பியவருக்குத் தெரியாது. ஐபிடிவியில் ஒவ்வொரு முறை அலைவரிசையை மாற்றும்போதும் அந்தக் கோரிக்கை நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. ஒரு வீட்டின் அரசியல் சாய்வும் சமய ஈடுபாடும் அதில் தெரிந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பதைச் சேவை நிறுவனங்கள் எளிய தமிழில், இணைப்புப் படிவத்திலேயே சொல்ல வேண்டும். அரசு நடத்தும் சேவை இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது அவசியம்.

ஆறாவதாக, பயிற்சி. கேபிளை வெட்டி முறுக்கிப் பழகிய கைகளுக்கு, தலைமுடி அளவு இழையை ஒட்டுவது வேறு தொழில். அந்த ஒட்டுக் கருவியின் விலை ஒரு சிறு ஆபரேட்டரால் தனியே தாங்கக்கூடியதன்று. ஒன்றியத்துக்கு ஒரு பொதுக் கருவி, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி, குறைந்த வட்டிக் கடன் ஆகியவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அடுத்த புயலில் அறுபடும் இழையை மறுநாளே ஒட்டும் ஆள் ஊரிலேயே இருப்பார் என்பது அதற்குக் கிடைக்கும் பலன்.

1990-களில் கேபிள் எந்த அரசுத் திட்டத்தின் கீழும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. கடன் வாங்கித் தட்டு வாங்கிய இளைஞர்கள் தெருத் தெருவாகக் கம்பி இழுத்தார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. சட்டம் பின்தங்கியதன் விலையை, பல ஆண்டுகள் கட்டணக் குழப்பமாகவும் தனியுரிமைச் சண்டைகளாகவும் மக்கள் செலுத்தினார்கள். இம்முறை தொழில்நுட்பம் பெருநிறுவனங்களின் கையில், மூலதனத்தோடு வருகிறது. விதிகள் மீண்டும் பின்தங்கினால், செலுத்த வேண்டிய விலை அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இழைவடம் நல்லூருக்கும் வர வேண்டும். சென்னைக்குக் கிடைக்கும் அதே தரத்தில் வர வேண்டும். ஆனால், மாதம் 150 ரூபாய் கட்டும் வீட்டுக்கு அந்த வாசல் மூடப்படாமலும், முப்பது ஆண்டுகள் அந்தத் தெருவின் கம்பங்களில் ஏறியவர் தெருவிலிருந்து துரத்தப்படாமலும் வர வேண்டும். அரசு கேபிள் நிறுவனம் என்ற கருவியும், ஊராட்சி வரை இழுக்கப்படும் இழையும் நம் கையில் இருக்கும்போது இதைச் செய்யாமல் விட்டால், அதற்குத் தொழில்நுட்பத்தின் மீது பழி போட முடியாது.